மயிலில் ஏற்றிவிட்ட பாட்டு

வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் கோயில் ஒலிபெருக்கியில் முதலில் கேட்பது என் குரல்தான். மின்சாரம் இருந்தால் ஐந்தரை மணிக்கு, இல்லாவிட்டால் ஜெனரேட்டர் போட்டு ஆறரைக்கு. தின்கன்ஜூன் பேட்டையில் எங்கள் தெருமுனையில் மீன்சாறு நூடுல்ஸான மொஹிங்கா விற்கிற பர்மியப் பெண்மணிக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. அவர்கூட அந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டே கிண்ணங்களைக் கழுவுகிறார். என்னைப் பார்த்தால் "சயா" என்று கூப்பிடுவார். வாத்தியார், வித்தை தெரிந்தவர் என்று இங்கே மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை அது. நான் தலையை ஆட்டிவிட்டு வேகமாக நடந்துவிடுவேன். அந்தப் பாட்டு என்னுடையது இல்லை. ஏழு வருடமாக அதை யாரிடமும் சொல்லாமல் ஓட்டிவிட்டேன். சொல்லித் தொலைத்துவிடலாம் என்றுதான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பாட்டுக்குச் சொந்தக்காரன் என் சிநேகிதன். இரண்டு பேரும் இதே ஊரில் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், ரயில் பாதையை ஒட்டிய ஒரே வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். கோயிலில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் தமிழ் வகுப்பில் சேர்ந்துதான் உட்கார்ந்தோம். மூன்றாவது வாரமே அவன் எழுந்து போய்விட்டான். பயந்தாங்கொள்ளியான நான் கடைசிவரை உட்கார்ந்து எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். அவனுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. எங்கள் வயதுக்காரர்களில் பாதிப் பேர் அப்படித்தான். வீட்டுக்குள் அம்மாவிடம் தமிழ், வாசலில் இறங்கினால் பர்மியம்.

கிட்டார் மட்டும் அவனிடம் ஒட்டிக்கொண்டது. இந்த ஊரில் கிட்டார் இல்லாத தெரு கிடையாது. டீக்கடை வாசலில் நாலு பையன்கள் கூடினால் ஒருவன் மடியில் கிட்டார் இருக்கும். ஆனால் எல்லோரும் வெளிநாட்டு மெட்டில் பர்மிய வார்த்தை போட்டுப் பாடுவார்கள். இவன் தானே எழுதினான். கழுத்தில் கம்பி மாட்டி அதில் மவுத் ஆர்கனை நிறுத்தி, கிட்டாரை வாசித்துக்கொண்டே அதையும் ஊதுவான். 'கன்ட்ரி' என்று இங்கே சொல்வோமே, அந்த ரகம். சரக்கு ரயில், வெற்றிலைக்கடைப் பெண், தகரக் கூரையில் மழை, சம்பளத்துக்கு முந்தின வாரம். மூன்றே கார்டு பிடித்து ஒரு வாழ்க்கையைச் சொல்லிவிடுவான். நான் இரண்டாவது கிட்டார். அவன் பாட்டுக்கு நடுவே இழை ஓட்டுவேன், பல்லவியில் கூடச் சேர்ந்து பாடுவேன். சரக்குக் கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த எனக்கு அந்தச் சனிக்கிழமைகள் இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்திருக்கும்.

தண்ணீர்த் திருவிழா மேடைகள், கல்யாண மண்டபங்கள், ஒரு குறுந்தட்டு, மாண்டலே வரை இரண்டு தடவை பயணம் என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் ஒரு நாள் லத்தா பேட்டையில் ஒரு மாடிக் கஃபேயில் நிகழ்ச்சி. நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள். அவன் ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் அது யாருக்காக எழுதினது என்று ஒரு வரி சொல்வது வழக்கம். அன்றைக்கும் சொன்னான்.

"இது எங்கூட இருக்குறவருக்கு. அஞ்சு வருசமா ஒரே வீட்டுல இருக்கோம். அவரு ஆம்பள."

பர்மியத்தில் சொன்னான், சாதாரணமாக, மழை வரும் என்று சொல்கிற மாதிரி. பின்வரிசையில் ஒரு பெண் கை தட்டினாள், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் குனிந்து கிட்டாரின் திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

எனக்கு இந்த விஷயம் புதிது இல்லை. அந்த மனிதர் வீட்டில் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறேன். பஸ் பட்டறையில் மெக்கானிக். எங்களைவிட ஆறேழு வயது மூத்தவர். தமிழர், பேச்சு கம்மி, பேசினால் சிரிப்பு வரும். என் கிட்டாரின் பெட்டி உடைந்தபோது பட்டறையில் கிடந்த தகரத்தில் மூலை அடித்துக் கொடுத்தவர். தெரிந்திருப்பது ஒன்று, மைக்கில் கேட்பது வேறு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அவன் சொல்லிவிட்டான் என்பதில் எனக்குக் கோபம்கூட வந்தது. என்னைக் கேட்டுக்கொண்டு சொல்லியிருக்கலாமே என்று நினைத்தேன். அவன் வாழ்க்கையைச் சொல்ல என்னிடம் எதற்குக் கேட்க வேண்டும் என்று நினைக்கிற புத்தி அப்போது இல்லை.

அந்தப் பேச்சு போன் போனாகப் பரவியது. இந்த ஊரில் அப்படிப்பட்டவர்களுக்கு என்று இரண்டு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் செய்யலாம். நாட் தெய்வங்களின் விழாவில் பட்டுக் கட்டி அருள் வந்து ஆடலாம், பெரிய இடத்துப் பெண்கள்கூட வந்து காலில் விழுவார்கள். லுங்கியும் கட்டம் போட்ட சட்டையும் போட்டுக்கொண்டு, கிட்டாரோடு நின்று, "என் வீட்டில் ஓர் ஆள் இருக்கிறார்" என்று பாட மட்டும் இடம் கிடையாது. கல்யாண மண்டபங்கள் முதலில் நின்றன. அப்புறம் திருவிழா மேடை. வெள்ளைக்காரன் எழுதி வைத்துவிட்டுப் போன சட்டம் ஒன்று இன்னும் இருக்கிறது என்று ஒரு அமைப்பாளர் அவனுக்கு நினைவுபடுத்தினார். அவன் அசரவில்லை. மாடிக் கஃபேக்கள் இருந்தன. புதிது புதிதாக இளசுகள் வந்தார்கள். நிகழ்ச்சி முடிந்து ஓரமாக நின்று, எல்லோரும் போனபிறகு அவனிடம் வந்து எதையோ சொல்லிவிட்டு அழுதுவிட்டுப் போவார்கள். சம்பாத்தியம் பாதியானது. பாட்டு இரண்டு மடங்கு நன்றாக வந்தது.

நான் விலகிவிடவில்லை. விலகியிருந்தால் அதற்கு ஒரு நேர்மையாவது இருந்திருக்கும். நாற்காலியை ஒரு முழம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று தொப்பி வைத்துக்கொண்டேன். போனில் யாராவது படம் எடுத்தால் முகம் தெரியாமல் குனிந்து வாசிப்பேன். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். அவன் அதைக் கவனிக்காமல் இல்லை. ஒரு நாள் சிரித்துக்கொண்டே, "நாற்காலிய இன்னும் ரெண்டு முழம் தள்ளிப் போட்டா படியில போய் விழுவடா" என்றான். நானும் சிரித்தேன்.

எனக்கு அப்போது கல்யாணமாகி மூன்று வருடம். மாமனார் கோயில் நிர்வாகத்தில் பொருளாளர். நானும் கோயில் பஜனைக் குழுவில் ஜால்ரா தட்டுகிறவனாகச் சேர்ந்திருந்தேன். அந்த வருடம் தைப்பூசத்துக்கு முன்னால் கூட்டத்தில் ஒரு பேச்சு வந்தது. ஒலிபெருக்கியில் ஓடுவதெல்லாம் இந்தியாவிலிருந்து வந்த பழைய பாட்டு, நம் ஊர்க்காரன் எழுதின பாட்டு ஒன்றாவது வேண்டாமா என்று. உடனே என் மாமனார் எழுந்தார்.

"ஏன், எங்க மாப்பிள்ள இல்லையா? கிட்டாரெல்லாம் வாசிக்கிறாரு. எழுதிக் குடுத்துருவாரு."

எனக்குப் பாட்டு எழுத வராது. இழை ஓட்டத்தான் வரும். இரண்டு வாரம் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முருகா என்று ஒரு வரி, குமரா என்று ஒரு வரி, அதற்குமேல் வண்டி நகரவில்லை. மாமனார் தினமும் போன் செய்து, "வந்துச்சா?" என்று கேட்பார், தபாலுக்குக் காத்திருப்பவர் மாதிரி.

அதே நேரத்தில்தான் அவன் தன் முதல் தமிழ்ப் பாட்டை எழுதியிருந்தான். அதுவரை எல்லாம் பர்மியத்தில். மெக்கானிக்குக்குத் தமிழில் ஒன்று வேண்டும் என்று ஆசையாம். தமிழ் எழுத்துத் தெரியாதே, பர்மிய எழுத்தில் தமிழை எழுதியிருந்தான். எப்போதும்போல அந்தக் காகிதத்தை என்னிடம் கொடுத்தான். "தமிழ்ல எழுதிக் குடு. தப்பு இருந்தா திருத்து. அவருக்கு ஒரு பிரதி சொவத்துல ஒட்டணும்" என்றான்.

திருத்த ஒன்றும் இல்லை. இப்படித்தான் ஆரம்பித்தது:

கடைசி பஸ்ஸில் வருவியா
கிரீஸ் கையோட வருவியா
கதவைச் சாத்த மாட்டேன் நான்
கழுவாமலே தொடுவியா

அதை வாசித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. பத்து வருடம் தமிழ் படித்த எனக்கு வராதது, மூன்று வாரத்தில் ஓடிப்போனவனுக்கு வந்திருந்தது. மெட்டும் அப்படி. ஒரு தடவை கேட்டால் வாயை விட்டுப் போகாது.

அடுத்த நாள் அலுவலகத்துக்குப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டே அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் ஆண் இன்னொருவருக்காகக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறான். தமிழில் அப்படிப் பாடினால் எந்தக் கூட்டமும் முகம் சுளிக்காத ஒரே ஒரு வழி இருக்கிறது. வருகிறவர் சாமியாக இருந்தால் போதும். பஸ்ஸை எடுத்துவிட்டு மயிலை வைத்தேன். கிரீஸை எடுத்துவிட்டு வேல் வைத்தேன். மூன்றாவது வரியைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. இறங்க வேண்டிய நிறுத்தம் வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது:

கந்தா மயிலில் வருவியா
வேல் கையோட வருவியா
கதவைச் சாத்த மாட்டேன் நான்
கருணை காட்டித் தொடுவியா

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்கள். நான் முருகனுக்கு உடைத்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

சொல்லாமல் செய்யவில்லை. அன்று மாலையே அவன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். மாமனார் உயிரை எடுக்கிறார், தைப்பூசத்துக்கு ஒரே ஒரு நாள், மெட்டை மட்டும் கொடு என்றேன். மாற்றின வார்த்தைகளைப் பாடியும் காட்டினேன். அவன் கொஞ்ச நேரம் கிட்டாரைத் தட்டிக்கொண்டு இருந்தான். அவனும் அந்தக் கோயிலில் வளர்ந்தவன். மேடைப் பேச்சுக்குப் பிறகு யாரும் அவனை உள்ளே வராதே என்று சொல்லவில்லை, ஆனால் அவன் வந்தால் பிரசாத வரிசையில் முன்னாலும் பின்னாலும் இடம் கொஞ்சம் அதிகமாகக் கிடைத்தது.

"சாமிக்குத்தான, பாடு," என்றான். "ஆனா மெட்டு யாருதுன்னு மைக்ல ஒரு வார்த்த சொல்லிரு. அது போதும்."

"அதச் சொல்லாம இருப்பனா?" என்றேன்.

தைப்பூசத்தன்று கூட்டம் நெரிந்தது. பாட்டு முடிந்ததும் மண்டபமே அரோகரா என்று எழுந்தது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று மூன்று முறை பாடினோம். கோயில் தலைவர் மைக்கை வாங்கி, "பாட்டும் மெட்டும் நம்ம பொருளாளர் மாப்பிள்ள" என்று அறிவித்துவிட்டு எனக்குப் பொன்னாடை போர்த்தினார். பிறகு மைக்கை என் கையில் கொடுத்தார். கூட்டத்தின் கடைசியில், தூணுக்குப் பக்கத்தில், அவனும் மெக்கானிக்கும் நின்றுகொண்டிருந்தார்கள். அவன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். தலையைப் படிய வாரியிருந்தான். பெயரைச் சொன்னால் கூட்டம் திரும்பிப் பார்க்குமே, அதற்காக.

நான் மைக்கில், "எல்லாம் முருகன் அருள்" என்றேன்.

அடக்கமான பிள்ளை என்று இன்னொரு சுற்று கைதட்டல். என் மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதை எழுதும்போது காதெல்லாம் சூடாகிறது.

செருப்பு விடும் இடத்தில் அவர்களைப் பார்த்தேன். மெக்கானிக்தான் முதலில் பேசினார். "என்ன தம்பி, பஸ்ஸ எடுத்துட்டு மயில விட்டுட்டீங்க. மயிலு நின்னு போனா என்னால ரிப்பேர் பாக்க முடியாதே" என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை.

"எப்பச் சொல்லுவ?" என்று கேட்டான்.

"கூட்டத்துல முடியலடா. அடுத்த வெள்ளிக்கெழம சொல்லிர்றேன்."

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பாட்டை என் குரலில் பதிவு செய்து ஒலிபெருக்கியில் போட்டுவிட்டார்கள். மூன்று மாதத்தில் மற்றக் கோயில்களிலும் பாடினார்கள். பகோ ஊரிலிருந்து வந்த ஒருவர் தன் போன் மணியாக வைத்திருந்தார். ஒவ்வொரு தடவையும் சொல்லக் கூடிய இடம் இன்னும் கொஞ்சம் பின்னால் போய்விட்டது. முதல் நாள் சொல்லியிருந்தால் அது ஒரு செய்தி. ஆறு மாதம் கழித்துச் சொன்னால் மாமனாருக்கு அவமானம். ஒரு வருடம் கழித்து, மெட்டு மட்டும் இல்லை, பாட்டே இன்னொருவனுடையது, அது இன்னாருக்காக எழுதினது என்று நோண்டிக்கொண்டே போவார்கள். முருகன் என்று உருகி உருகிப் பாடியது ஒரு பஸ் மெக்கானிக்கை என்று தெரிந்தால் என்னைச் சும்மா விடுவார்களா? மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். எனக்கு மடி நிறையக் கனம்.

அவன் நச்சரிக்கிறவன் இல்லை. இரண்டு தடவை கேட்டான், அப்புறம் நிறுத்திவிட்டான். தன் சொந்த வார்த்தைகளோடு கஃபேயில் ஒருமுறை அந்தப் பாட்டைப் பாடிப் பார்த்தான். நான்தான் இரண்டாவது கிட்டார். முதல் வரி முடியவில்லை, மூலையில் உட்கார்ந்திருந்த தமிழ்ப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு அரோகரா என்று குரல் கொடுத்தார்கள். கெட்ட எண்ணம் இல்லை, சாமிப் பாட்டை வைத்து வேடிக்கை செய்கிறான் என்று நினைத்திருப்பார்கள். அவன் பாதியில் வேறு பாட்டுக்கு மாறிவிட்டான். அதற்குப் பிறகு அந்தப் பாட்டைப் பட்டியலில் எழுதவே இல்லை. கொஞ்ச நாளில் நானும் சனிக்கிழமைகளில் போவதைக் குறைத்துக்கொண்டேன். பஜனைக் குழுவுக்கு என்னைத் தலைவராக்கியிருந்தார்கள். நேரமில்லை என்று சொல்ல வசதியாக இருந்தது.

மெக்கானிக் இறந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால், மழைக்காலத்தில். நாலு நாள் காய்ச்சல், ஐந்தாவது நாள் ஆள் இல்லை. உடலை அவருடைய அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், மிங்கலா தாங்ஞுன்டில் எங்கள் பழைய வரிசைக்கு இரண்டு தெரு தள்ளி. பதினோரு வருடம் கூட வாழ்ந்தவன் அந்த வீட்டில் 'சிநேகிதர்' ஆகிவிட்டான். வாசலில் வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றில் எல்லோரையும் போல உட்கார்ந்திருந்தான். யாரோ அவனுக்கும் ஒரு குளிர்பானம் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவன் அதைத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

எங்கள் கோயில் சங்கத்தில் யார் வீட்டில் சாவு என்றாலும் பஜனைக் குழு போய்ப் பாட வேண்டும். அதற்கு ஒரு முறை உண்டு. யார் வேண்டுமானாலும் ஒரு பாட்டை எடுக்கலாம். ஜால்ரா வைத்திருப்பவர் அதை ஏற்றுத் தட்டினால்தான் கூட்டம் வாய் திறக்கும். தட்டாவிட்டால் அது அவர் தனியாகப் பாடுகிற பாட்டு, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஜால்ரா என்னிடம் இருந்தது.

காலை பத்து மணி இருக்கும். ஐந்தாறு பாட்டு ஆகியிருந்தது. அக்கா உள்ளேயிருந்து எழுந்து வந்தார். கூட்டத்தைத் தாண்டி நேராக அவன் நாற்காலிக்குப் போனார்.

"நீங்க ஒண்ணு பாடுங்க தம்பி. நீங்க பாடுனா அவனுக்குக் கேக்கும்."

அவருக்குத் தெரியும். அந்த ஒரு வாக்கியத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருடம் நான் ஊரெல்லாம் பயந்துகொண்டிருந்த விஷயத்தை, எழுத்து வாசிக்காத அந்த அம்மாள் சாவு வீட்டு வாசலில், எல்லோர் முன்னாலும் எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார்.

அவன் போய் உடலின் தலைமாட்டில் நின்றான். கிட்டார் இல்லை. குரலைச் சரி செய்துகொள்ளக்கூட இல்லை.

"கடைசி பஸ்ஸில் வருவியா" என்று பாடினான்.

மெதுவாக, அவர் பக்கத்தில் படுத்திருக்கிற மாதிரி. கூட்டத்தில் சிலர் நிமிர்ந்து பார்த்தார்கள். மெட்டு தெரிந்த மெட்டு. வார்த்தை வேறு. சுவரோரம் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் அன்பாகவே திருத்தினார்.

"கந்தா மயிலில்னு வரணும்பா."

அவன் காதில் விழவில்லை, அல்லது விழுந்தும் கேட்கவில்லை. "கிரீஸ் கையோட வருவியா" என்று இரண்டாவது அடிக்குப் போனான். அந்தப் பெரியவர் முகம் மாறியது. பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். இரண்டு பேரும் உடலைப் பார்த்தார்கள், பிறகு அவனைப் பார்த்தார்கள். இன்னும் இரண்டு அடி போதும், எல்லோருக்கும் எல்லாமே தெளிவாகியிருக்கும். யார் யாருக்கு எழுதின பாட்டு, யார் அதை எடுத்தது, எல்லாம். குழுவில் இருந்த பன்னிரண்டு பேரும் என் கையைப் பார்த்தார்கள். சாவு வீட்டில் ஒருவன் வார்த்தை தெரியாமல் தடுமாறுகிறான், கைகொடுக்கலாமா என்று கேட்கிற பார்வை.

நான் தட்டினேன்.

கை தானாகப் போய்விட்டது என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தானாகப் போகவில்லை. யோசித்துத்தான் தட்டினேன், வழக்கத்தைவிடப் பலமாக. பன்னிரண்டு குரலும் கந்தா என்று எழுந்தன. பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். வாசலில் நின்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். கதவைச் சாத்த மாட்டேன் என்ற மூன்றாவது அடி இரண்டுக்கும் ஒன்றுதான், அந்த ஓர் அடியை அவனும் கூட்டத்தோடு பாடினான். நாலாவது அடியில் அவன் வாய் மூடிக்கொண்டது. பாட்டு அவன் இல்லாமலே போய்க்கொண்டிருந்தது. சரணம் மூன்றும் பாடி, அரோகரா சொல்லி முடித்தோம். அவன் அத்தனை நேரமும் அங்கேயே நின்றான், ஒரு கை பாடையின் மூங்கிலைப் பிடித்திருந்தது. அக்கா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எரித்துவிட்டு வெளியே வந்தபோது குழாயடியில் எல்லோரும் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் அவன் பக்கத்தில் போய் நின்றேன். என்ன சொல்வதற்காகப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டால் எதற்கு என்று சொல்ல வேண்டும், சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். அவன் முகத்தைக் கழுவிவிட்டு லுங்கி முனையில் துடைத்துக்கொண்டான்.

"யாபாதே," என்றான். பரவாயில்லை என்பதற்கு நாங்கள் எல்லோரும் சொல்கிற பர்மிய வார்த்தை, கால் மிதிபட்டாலும் அதுதான் சொல்வோம். பிறகு தமிழில், "நீயே வச்சுக்க. இனி எனக்கு அத யாருக்குப் பாடுறது?" என்றான்.

அடுத்த வருடம் அவனும் எல்லை தாண்டித் தாய்லாந்துக்குப் போய்விட்டான். போகிறவர்கள் போய்க்கொண்டிருக்கிற காலம், யாரும் காரணம் கேட்பதில்லை. எனக்குச் சொல்லிக்கொண்டு போகவில்லை. அங்கே ஒரு சின்ன உணவகத்தில் வாரம் மூன்று நாள் பாடுகிறான் என்று கேள்வி. மாதம் ஒருமுறை போனில் நேரலை வைப்பான். ஆயிரக்கணக்கில் பார்க்கிறார்கள், கல்யாண மண்டபக் காலத்தில்கூட இவ்வளவு பேர் இல்லை. முடி நரைத்திருக்கிறது. மவுத் ஆர்கன் இப்போது வெள்ளி நிறத்தில் புதிது. ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் யாருக்காக எழுதினது என்று இப்போதும் சொல்கிறான். இங்கே இருக்கிற தடையைத் தாண்ட விபிஎன் போட்டு, காதில் வயர் மாட்டி, மனைவி தூங்கின பிறகு இல்லை, அவள் எதிரிலேயே உட்கார்ந்து பார்க்கிறேன். அந்த அளவுக்குத்தான் எனக்குத் துணிச்சல் வந்திருக்கிறது.

இவ்வளவு எழுதியும் அவன் பெயரை எழுதவில்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அவன் பாதுகாப்புக்காக என்று சொன்னால் நம்பிவிடுவீர்கள். அவன் தன் பெயரை எங்கேயும் மறைத்ததில்லை. மறைந்துகொள்வது நான்தான். என் மாமனார் போன வருடம் காலமானார், இனி அவரையும் சாக்குச் சொல்ல முடியாது. இருந்தும் எழுத வரவில்லை.

போன மாதம் நேரலையில் இங்கிருந்து ஒரு பெண் கேட்டிருந்தாள். அவள் பர்மியத்தில் எழுதியது திரையில் ஓடியது. "சயா, நீங்க தமிழர்தானே? எங்களுக்காக ஒரு தமிழ்ப் பாட்டு பாடுங்க."

அவன் அதை வாசித்தான். கிட்டாரின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தான். நான் அதற்குள் கட்டை விரலால் தட்டச்சு செய்ய ஆரம்பித்திருந்தேன். அவனுக்கு ஒரு தமிழ்ப் பாட்டு உண்டு, அது கடைசி பஸ்ஸில் ஆரம்பிக்கும், கோயிலில் நீங்கள் எல்லோரும் பாடுவது அதைத்தான் என்று மூன்று வரி. அனுப்பும் பொத்தான் மேல் விரல் இருந்தது.

"தமிழ்ல நா பாட்டு எழுதுனதே இல்லம்மா," என்றான் அவன், சிரித்துக்கொண்டே. "எனக்குத் தமிழ் எழுதத் தெரியாது."

அவனே சொல்லிவிட்டானே என்று நான் எழுதினதை அழித்தேன். ஒரு இதயக் குறியை மட்டும் அழுத்திவிட்டு, அடுத்த பாட்டுக்காகக் காத்திருந்தேன்.